தியார்மா அம்மா காத்திருந்த பொழுது

எங்கள் ஊரில் வேதப்புத்தகம் இல்லாத வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவோம். திரும்பி வந்து அலமாரிக்கு மேலே வைத்தால் அடுத்த ஞாயிறுவரை அது பாட்டுக்கு அங்கே இருக்கும். படித்ததை அடுப்படிவரை கொண்டுவந்து செய்து பார்த்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் தியார்மா அம்மா.

ரொஸ்பிதா என்று அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் இந்த ஏரிக்கரையில் வாழும் பதாக் ஜனங்களான எங்களிடம் தலைப்பிள்ளை பிறந்த அன்றே பெற்றவர்களின் பெயர் போய்விடும். அவள் தியார்மா அம்மா, அவள் புருஷன் தியார்மா அப்பா. கோயிலுக்கு எதிரே காப்பிக் கடை போட்டிருக்கும் நான் லம்போக் அம்மா. என் சொந்தப் பெயரைக் கேட்டால் எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கோபத்தை வைத்துக்கொண்டு பொழுது சாயவிடக் கூடாது என்று போதகர் ஒருமுறை பிரசங்கம் செய்தார். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வழக்கம்போல மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம். தியார்மா அம்மா அப்படி விடவில்லை. அந்த வாரமே புருஷனுக்கும் அவளுக்கும் ஒரு பன்றியை விற்பதில் சண்டை வந்து, அவர் வலையை எடுத்துக்கொண்டு விறைப்பாக ஏரிக்குப் போய்விட்டார். வெயில் இறங்க ஆரம்பித்ததும் இவள் என் படகைக் கேட்டு வாங்கித் தானே துடுப்புப் போட்டுப் போனாள்.

"எங்க அண்ணி, மீனுக்கா?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"இல்ல, சமாதானத்துக்கு!" என்று திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னாள். கரையில் நின்றவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு படகும் ஒன்றாகத்தான் திரும்பி வந்தன.

நான் புருஷனை இழந்த புதிதில் என் பின்கட்டில் அவ்வப்போது ஒரு மூட்டை அரிசி வந்து உட்கார்ந்திருக்கும். தருமம் செய்வது வலது கைக்குத் தெரிந்தால் இடது கைக்குத் தெரியக் கூடாதாம். நான் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டாள். "ஆண்டவர் வெச்சிருப்பார்" என்பாள். "ஆண்டவருக்கும் உங்க வீட்டுச் சாக்குதான் கெடைச்சுதா அண்ணி?" என்று கேட்பேன். முகம் சிவந்து போய், காப்பியைக் கூடக் குடிக்காமல் ஓடிவிடுவாள்.

அப்படி அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட போதனைகளில் ஒன்று, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது. அவள் கல்யாணத்தன்று போதகர் எடுத்துக்கொண்ட பிரசங்கமே அதுதான். எங்கள் கல்யாணங்களிலும் அதைத்தான் சொன்னார்கள், நாங்கள் அதை மாலையோடு சேர்த்துக் கழற்றி வைத்தோம். அவள் வைக்கவில்லை. எனக்கு அந்தப் போதனையின் மேல் இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. போதனை மேலா, அதைத் தங்களுக்குச் சௌகரியமாக வாசிக்கிறவர்கள் மேலா என்று கேட்டால், இரண்டின் மேலும் என்றுதான் சொல்வேன்.

தியார்மா அப்பா கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் என் குலத்தார், எனக்கு அண்ணன் முறை. எங்கள் சபையின் மூப்பர்களில் அவரைப்போல நேர்மையானவர் கிடையாது. விருந்துகளில் கறி பங்கு வைக்கும்போது தன் பங்கில் ஒரு எலும்பு கூடுதலாக விழுந்தாலும் எழுந்துபோய்த் திருப்பிக் கொடுப்பார். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவரிடம் முட்டி போட்டவர்கள். சபை ஒழுங்கு என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார். அந்த மனிதருடைய பெரிய குறை, அதை அவர் நிஜமாகவே நம்பியதுதான்.

அவர்கள் மகள் தியார்மா பார்லினோடு போனது அந்த வீட்டில் இடி விழுந்ததைப் போலத்தான். பார்லின் பலிகே ஊருக்குப் பேருந்து ஓட்டுகிறவன். நல்ல பையன், குடி கிடையாது. ஆனால் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள். மலேசியாவுக்கு வேலைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. அங்கே வேறு ஒருத்தனோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று கேள்வி. அவள் சாகவும் இல்லை, சபை அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யவும் இல்லை. பார்லினுக்கு இரண்டாவது கல்யாணம் செய்துவைக்க எந்தக் கோயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் தியார்மா துணிமூட்டையோடு மேட்டு வளைவில் இருந்த அவன் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மற்ற மூப்பர்கள் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்றார்கள். தியார்மா அப்பாதான் பிடிவாதமாக நின்றார். தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் கடவுளுடைய சபையை எப்படிக் கவனிப்பான் என்று வேதம் கேட்கிறதே, அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றாராம். அடுத்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில், தியார்மாவும் பார்லினும் சபை ஒழுங்கின் கீழ் வைக்கப்பட்டார்கள் என்று வாசித்தார்கள். இனி அவர்களுக்கு நற்கருணை இல்லை, சபையின் ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில் நடக்காது, கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். தியார்மா அம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தோள்பட்டை ஆடியதை நான் பார்த்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னார், இனி அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது, அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்று. எடுக்கக் கூடாது என்றால் எப்படி? அவர் பெயரே அதுதான். தெருவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்ன தியார்மா அப்பா, நாத்து நட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஒரு சுளிப்பு வரும். பிறகு "என்னை மூப்பர்னு கூப்பிட்டாப் போதும்" என்று சொல்ல ஆரம்பித்தார். அது ஊருக்குக் கேலியாகப் போயிற்று. சின்னப் பையன்கள் வேண்டுமென்றே முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். தியார்மா அம்மா மட்டும் அன்றிலிருந்து அவரை "ஏங்க" என்றாள்.

அவள் கீழ்ப்படிந்தாள். மேட்டு வளைவு அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும். மகள் துணி உலர்த்துவதுகூடத் தெரியும். போகவில்லை. என் கையில் கருவாடும் மிளகாயும் கொடுத்து அனுப்புவாள். "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க" என்பாள்.

"ஆண்டவர் குடுத்தார்னு சொல்லிடறேன்" என்பேன். முன்பானால் சிரித்திருப்பாள்.

"அண்ணி, தொலைஞ்சு போன பையன் திரும்பி வந்தப்ப அவன் அப்பன் தூரத்துலயே பாத்து ஓடினான்னு படிக்கிறமே, அது எந்த ஊர் அப்பன்?" என்று ஒரு நாள் கோபமாகக் கேட்டேன்.

"அந்தப் பையன் முதல்ல எழுந்து வந்தான்ல?" என்றாள் மெதுவாக. "அதத்தான் அவரும் சொல்றாரு. அவ வரட்டும்னு."

"பார்லினை விட்டுட்டு வரணுமா?"

அவளுக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாது. வேதத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது என்கிறவர்கள் தங்கள் பிள்ளையை ஒரு முறையாவது இழந்து பார்க்க வேண்டும்.

தியார்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் ஆகிப் பெயர் வைக்கும்வரை எங்கள் பக்கம் ஆண் குழந்தையை உச்சொக் என்றுதான் கூப்பிடுவோம். பார்ப்பதற்கு மொழுமொழுவென்று இருந்தான், ஆனால் பால் குடிக்கும்போது உதடு நீலம் பாரித்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். இதயத்தில் ஓட்டை, பிறவியிலேயே அப்படி, செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பார்லின் தன் பேருந்திலேயே இருவரையும் வைத்துக் கூட்டி வந்தான். பயணிகள் யாரும் அன்று பாட்டுப் போடச் சொல்லவில்லையாம்.

மறுநாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனேன். குழந்தைக்கு மூச்சு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. தியார்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, இவன் போயிடுவான்னு எனக்குத் தெரியும். அது பத்தி நான் யாரையும் ஒண்ணும் கேக்கல. ஞானஸ்நானம் மட்டும் ஆயிடட்டும். பேரு இல்லாம, மணி அடிக்காம, நாய்க்குட்டியப் பொதைக்கிற மாதிரி பொதைக்க விட மாட்டேன். அம்மாகிட்டச் சொல்லுங்க. அப்பாகிட்ட அம்மா கேக்கட்டும்."

ஞானஸ்நானம் இல்லாத குழந்தைக்கு எங்கள் கோயில் மணி அடிக்காது. போதகர் எட்டு ஊருக்கு ஒருவர், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அவசரத்துக்கு மூப்பர் கொடுக்கலாம். நான் மேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக இறங்கினேன்.

தியார்மா அம்மா நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக உள்ளே போனாள். மூப்பர் மேசையில் மறுநாள் ஜெபக்கூட்டத்துக்கு ஏதோ தயார் செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏங்க, தியார்மா புள்ள சாகக் கெடக்குது."

அவர் பேனாவை வைத்தார். பெயரைச் சொன்னதற்காகத் திட்டவில்லை. முகம் வெளுத்துப் போயிற்று.

"நீங்க வந்து தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் வேணாம். அவகிட்டப் பேச வேணாம், உக்கார வேணாம். ஊத்திட்டு வந்துடுங்க."

"அவங்க ஒழுங்குக்குக் கீழ இருக்காங்க" என்றார். "ரெண்டு பேரும் சபை முன்னாடி நின்னு அறிக்கை பண்ணினாத்தான் புள்ளைக்கு ஞானஸ்நானம். போன வருஷம் கீழத் தெருக்காரனுக்கு நான்தான் அதச் சொன்னேன். அவன் அழுதான். இன்னிக்கு என் வீடுன்னா மாத்திச் சொல்றதா?"

"கீழத் தெருக்காரன் புள்ள உயிரோட வெளையாடுது. இவன் போறான்."

"நான் என்ன செய்யட்டும் ரொஸ்பிதா? நான் வெச்ச சட்டமா?"

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், பொறுக்கவில்லை. "அண்ணே, ஓய்வுநாள்ல எருமை பள்ளத்துல விழுந்தா தூக்கி விடலாம்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? எருமைக்கு உள்ளது பேரனுக்கு இல்லையா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அப்படிப் படவில்லை. மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி போட்டார்.

தியார்மா அம்மா காலில் செருப்பில்லாமல் கிளம்பினாள். நானும் கூடவே போனேன். மற்ற மூப்பர்கள் இருவர் ஊரில் இருந்தார்கள். முதலாமவர் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொண்டுவரச் சொல்லி, பிறகு சொன்னார்: "அம்மா, குழந்தையோட தாத்தாவே மூப்பர். அவரு இருக்கும்போது நான் போய் ஊத்தினா, அவரை மிதிச்சுத் தாண்டிப் போன மாதிரி இல்லையா? நாளைக்கு நான் அவரு முகத்துல எப்படி முழிப்பேன்? அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், பறந்து வர்றேன்." இரண்டாமவரும் அதையேதான் சொன்னார், இன்னும் மரியாதையாக. எங்கள் ஜனத்தின் மரியாதை அப்படிப்பட்டது. யாரும் யாரையும் தாண்ட மாட்டார்கள்.

திரும்பி வரும்போது அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குள் போய், சுத்தமான வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து மடித்தாள். புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"நான் அவ வீட்டுக்குப் போறேன். போகாதேன்னு நீங்க சொன்னாலும் போறேன். இத்தனை வருஷத்துல உங்க பேச்ச நான் மீறினதில்ல. ஆண்டவர்கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் மேட்டில் ஏறிப் போனாள். நான் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாமென்று வந்தேன். பூட்டைப் போடும்போது பின்னால் வந்து நின்றார் அண்ணன். கறுப்பு அங்கியை மடித்துப் பையில் வைத்திருந்தார், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"லம்போக் அம்மா, அவகிட்டச் சொல்லு. நான் வர்றேன். என் கையாலயே ஊத்துறேன். போதகர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். காத்திருக்கச் சொல்லு."

"இப்பவே வாங்கண்ணே! போதகர் எங்கயோ இருப்பாரு!"

"ஏரிக்கு அந்தப் பக்கம், சாவு விருந்துல இருக்காரு. போயிட்டு வந்துடறேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஒழுங்கா நடந்தா நாளைக்கு எவனும் அந்தப் புள்ளையோட ஞானஸ்நானம் செல்லாதுன்னு சொல்ல முடியாது. என் பேரனாச்சே."

என் பேரன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் போன வேகத்தில் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்தது.

மேட்டு வீட்டில் நான் போய் அவர் சொன்னதைச் சொன்னேன். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தியார்மா அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்வது! குழந்தை சாகப் போகிறது என்பதையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். "வர்றாரா? இங்கயா? அவரே சொன்னாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தியார்மா குழந்தையை அவள் மடியில் கொடுத்துவிட்டு வீட்டைப் பெருக்கினாள். நல்ல பாயை எடுத்து விரித்தாள். தலைவாரி, கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்துக் கட்டாமலே போன சேலைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பார்லின் கிணற்றுத் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். தாத்தாவே வைக்கட்டும் என்றாள் தியார்மா.

நேரம் போயிற்று. குழந்தையின் மூச்சு ஒரு முறை நின்று, பிறகு வந்தது. நகங்கள் கறுத்துக்கொண்டு வந்தன.

"அண்ணி, ஊத்திடுங்க" என்றேன். "அவசரத்துக்கு ஞானஸ்நானம் வாங்கின யார் வேணா ஊத்தலாம். அண்ணனே சொல்லிக் குடுத்ததுதான. பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லி மூணு தடவை. அவ்வளவுதான்."

"வர்றேன்னாரே."

"வரட்டும். வந்து ஜெபம் பண்ணட்டும். நீங்க இப்ப ஊத்துங்க."

பார்லின் முன்னால் வந்தான். "அத்தை, நான் ஊத்தவா? நானும் ஞானஸ்நானம் வாங்கினவன்தான். பாவின்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும்."

தியார்மா அம்மா கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் பொறுப்பா. அவரு கையால ஊத்தட்டும். ஒரு தடவை அவரு இந்தப் புள்ளையத் தொட்டுட்டாருன்னா, அப்புறம் உங்களத் தள்ள முடியாது. இந்தப் படிய மிதிச்சுட்டாருன்னா அப்புறம் எப்பவும் மிதிப்பாரு. புள்ளையும் போயி, நீங்களும் இல்லாம, நான் எப்படி இருப்பேன்? ரெண்டுல ஒண்ணாவது எனக்குக் கெடைக்கட்டுமே."

தியார்மாவும் தலையசைத்தாள். "அப்பா வருவாரு" என்றாள். இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு அப்பா என்றால் அவ்வளவு ஆசை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். சாலையில் போன ஒவ்வொரு மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்கும் அந்த வீட்டில் எல்லோருடைய தலையும் உயர்ந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அந்தச் சாவு விருந்து தியார்மா அம்மா பிறந்த குலத்தாருடையது. பேரன் பேத்தி எடுத்த பெரியவர் செத்தால் எங்களுக்கு அது கொட்டு மேளத்தோடு நடக்கும் பெருவிழா. பெண் கொடுத்த குலத்தார் என்றால் எங்களுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி. அவர்கள் முன்னால் மாப்பிள்ளை குனிந்துதான் நிற்க வேண்டும். அவர்கள் பேசும்போது குறுக்கே போகக் கூடாது. இவர் போன நேரம் அவர்களுடைய பேச்சாளர் சவப்பெட்டி அருகில் நின்று வம்சாவளியைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். போதகர் அவருக்கும் அப்பால், பந்தலின் நடுவில் இருந்தார். இவர் ஓரத்தில் நின்றார். பேச்சு முடிந்ததும் போகலாம் என்று பார்த்தால், யாரோ இவரைப் பார்த்துவிட்டு, "நம்ம மாப்பிள்ளை வந்துட்டாரு! மாப்பிள்ளைமார் எல்லாம் எழுந்து வாங்க!" என்று கூப்பிட்டுவிட்டார்கள். மேளம் மாறியது. மற்ற மாப்பிள்ளைகளோடு இவரையும் நடுவே இழுத்து நிறுத்தினார்கள். பெண் கொடுத்தவர்கள் ஊலோஸ் துணியைத் தோளில் போர்த்தி ஆசீர்வதிக்க, மாப்பிள்ளைகள் கைகூப்பி ஆட வேண்டும்.

"மறுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றார். "இதோ இந்தத் தாளம் முடிஞ்சிடும், முடிஞ்சதும் கேட்டுடலாம்னு நெனச்சேன். முடியவே இல்ல. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் துணி போட வந்தாங்க. நீண்ட ஆயுசு, நெறைய பேரப் புள்ளைங்கன்னு சொல்லிச் சொல்லிப் போட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். பேரன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த மனிதர் மேளத்துக்குத் தக்கபடி முழங்காலை மடக்கி மடக்கி ஆடிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் போதகரிடம் போய்க் கேட்டபோது அந்த மனிதர் திகைத்துப் போனாராம். "இதுக்கா நின்னுக்கிட்டிருந்தீங்க? சாகப் போற குழந்தைக்குத் தண்ணி ஊத்த என்ன அனுமதி வேணும் மூப்பரே? குழந்தை என்ன குத்தம் பண்ணுச்சு? ஓடுங்க!"

ஓடி வந்தார். மேட்டில் வண்டி ஏறும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அது பெரிய வேதனையாகக்கூட இல்லை. தியார்மா அம்மா மடியில் குழந்தை ஒரு மூச்சு இழுத்தான். அடுத்த மூச்சுக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அது வரவில்லை. அப்போதுதான் பார்லின் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினான், நானும் நீட்டினேன். இருவர் கையும் அப்படியே நின்றுவிட்டன.

மூப்பர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். தோளில் யாரோ போர்த்திய ஊலோஸ் துணி இன்னும் கிடந்தது. முகமெல்லாம் வியர்வை.

"ஊத்தலாம்னுட்டாரு!" என்றார். "போதகர் சரின்னுட்டாரு!"

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு மனைவியின் மடியைப் பார்த்தார். பார்த்தும் நம்பாதவர்போல முழங்காலில் விழுந்து, அவசரமாகக் கிண்ணத்தில் கையை விட்டு அள்ளினார். தண்ணீர் விரல்களின் இடுக்கில் ஒழுகியது.

"வேணாம்ப்பா" என்றாள் தியார்மா.

கை நின்றது.

"செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் கெடையாது. நீங்கதான் வகுப்புல சொல்லிக் குடுத்தீங்க. நான் தப்பாச் சொன்னேன்னு அன்னிக்கு முட்டி போட வெச்சீங்க." அவள் குத்திக்காட்டவில்லை. பாடம் ஒப்பிப்பதைப் போலத்தான் சொன்னாள். அதனால்தான் கேட்க முடியவில்லை.

அவர் ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்தார்.

"நீ... நீ ஊத்தலையா? யாரும் ஊத்தலாமே. உனக்குத் தெரியுமே."

"தெரியும்" என்றாள் தியார்மா அம்மா. குரல் உயரவே இல்லை. "தண்ணி பக்கத்துலதான் இருந்துச்சு. என் கை ரெண்டும் இங்கதான் இருந்துச்சு. லம்போக் அம்மா ஊத்துன்னா. பார்லின் ஊத்தறேன்னான். நீங்க வர்றேன்னு சொல்லி அனுப்பினீங்க. அதான் காத்திருந்தேன்."

அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார முடியாமல் பாயில் கையூன்றிக்கொண்டார். எத்தனை சாவு வீடுகளில் எத்தனை வசனம் சொன்னவர். அன்று ஒரு வசனமும் அவருக்கு வரவில்லை. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பிறகு மகளிடம் திரும்பினார். "தியார்மா" என்றார். "அவன நான் கொஞ்சம் வெச்சுக்கட்டுமாம்மா?"

தியார்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அவள் அம்மா மடியிலிருந்து குழந்தையை எடுத்து, வெள்ளைத் துண்டை இழுத்துச் சுற்றி, குனிந்து அவர் கைகளில் வைத்தாள்.

"தலையத் தாங்கிப் புடிங்கப்பா" என்றாள். "கழுத்து இன்னும் நிக்கல."